வெள்ளம் வடியாத வீடு

சமயபுரத்தாள் ஆண்டுதோறும் 28 நாள் பட்டினி கிடக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலன்று தொடங்குகிற விரதம் பங்குனிக் கடைசி ஞாயிறில் முடியும். அந்த நாட்களில் அம்மனுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, அவ்வளவுதான் நைவேத்தியம். மற்ற ஊர்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். இங்கே சாமி பக்தர்களுக்காக இருக்கிறது.

கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டினால் மலைக்கோட்டை. அங்கே இருக்கிற தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். நிறைமாதமாக இருந்த இரத்தினாவதிக்குத் துணையாகக் கிளம்பிய தாய், காவிரி கரைபுரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும் வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், கடவுள் செய்யாமல் விட்ட காரியம். தலையில் கங்கையை வைத்திருப்பவருக்குக் காவிரியை நிறுத்துவது பெரிய வேலையா? அதைச் செய்யவில்லை. வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

இந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே, திருச்சியில் ஒரு மருத்துவமனையின் நியூரோ ஐசியூ வாசலில்தான் என் பெரியம்மா பாய் விரித்தாள். அவள் மகன், எனக்குத் தம்பி, கொத்தனார். லால்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டு ராத்திரி வண்டியில் வந்துகொண்டிருந்தவனை விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லர் வாங்கிக்கொண்டது. தலைக்கவசம் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. செத்தவர்களுக்காவது ஓர் எண் இருக்கிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்து, பழைய ஆளாக இல்லாமல் வீடு திரும்புகிறவர்கள் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. தம்பிக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது, முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்திருந்ததால் யாரும் வாசலில் நிறுத்திப் பணம் கேட்கவில்லை. அறுவைக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்து, அது கெடாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு, சில மாதம் கழித்து, அதைத் திரும்பப் பொருத்துவார்கள். பெரியம்மா டாக்டரிடம் தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “எலும்பு பத்திரமா இருக்குங்களா சாமி?” மகனைப் பற்றிக் கேட்கப் பயம். எலும்பைப் பற்றிக் கேட்கலாம்.

அந்த வாசலில் இருந்தவர்களெல்லாம் சில நாளிலேயே ஒரு கணக்குப் படித்துக்கொண்டார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் மதிப்பெண். குறைந்தது 3, நிறைந்தது 15. நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தினால் வலிக்கிற இடத்துக்குக் கை வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் அசைவுக்கு ஐந்து, அவர்கள் பேச்சில் ‘எம் ஃபைவ்’. பள்ளிக்கூடம் போகாத பெரியம்மா, மணப்பாறைக்காரர் ஒருவரிடம், “எம்புள்ளைக்கு இன்னைக்கு எம் ஃபைவுங்க, உங்க பொண்ணுக்கு?” என்று விசாரித்ததைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு எம் டூ. மணப்பாறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா தன் தூக்குவாளியிலிருந்து இட்லியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

சாமிகள் வரிசையாக வந்தார்கள். பெரியம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள். தம்பியோடு வேலை பார்த்த சித்தாள் அம்மா ஒருவர் நத்தர்ஷா பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். சாரம் கட்டுகிறவர் தன் ஜெபக்குழுவைக் கூட்டிவந்தார். மாடிப்படிக்குக் கீழே நின்று, செக்யூரிட்டி விரட்டும் வரை மெல்லிய குரலில் ஜெபித்தார்கள். வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி, யாரோ எழுதித் தந்த எந்திரத் தகடு, வைத்தீஸ்வரன்கோயில் திருச்சாந்துருண்டை எல்லாம் ஒரே தலையணைக்கடியில் போயின. நர்ஸ் ஒருநாள் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே படுக்கை எண்ணை எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார். மதநல்லிணக்கம் பற்றி நான் கேட்ட எந்தச் சொற்பொழிவையும் விட அந்தக் கவர் மேல்.

பிரார்த்தனை பலிக்குமா என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. முன்பின் அறியாத குழுக்கள் நோயாளியின் பெயரையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு 14 நாள் ஜெபித்தன. பலன் ஒன்றும் தெரியவில்லை. ‘உனக்காக ஜெபிக்கிறார்கள்’ என்று சொல்லப்பட்டவர்களுக்குத்தான் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே வந்தன, நூற்றுக்கு 59 பேருக்கு. நாத்திக நண்பர்கள் இதை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள். எனக்கும் அந்த முடிவில் சந்தேகமில்லை. மாரியம்மன் தம்பியின் மூளைக்குள் போய் வீக்கத்தை வடித்தாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஆய்வு தொடாத ஒன்று இருக்கிறது. அங்கே ஜெபித்தவர்கள் யாரும் சாப்பாடு கொண்டுவரவில்லை. எங்கள் வாசலில் வேண்டுதலோடு கூடவே தூக்குவாளியும் வந்தது. ஜெபக்குழுவில் இருந்த இரண்டு பையன்கள் ரத்தம் கொடுத்தார்கள். பாட்டில் தண்ணீர் கொண்டுவந்த அம்மா அன்று ராத்திரி பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே பாயில் படுத்துக்கொண்டார். ஓதிய தண்ணீரை உதட்டில் தொட்டு வைக்கச் சொன்னாரே தவிர, ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாத்திரையை நிறுத்தினால்தான் மந்திரம் வேலை செய்யும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் உயிரே போகலாம். அப்படிச் சொல்பவர் எந்தச் சாமியின் பேரைச் சொல்லி வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை கிடையாது. உள்ளே எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்கிறார்கள். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. வேண்டுதல் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. காலையில் குளிக்க வேண்டும், செவ்வாய் வெள்ளி ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், முடிந்து வைத்த துணி எங்கே என்று பார்க்க வேண்டும். மூளைக்காயத்தில் டாக்டரால் நாள் குறிக்க முடியாது. சாமியால் முடியும், 28 நாள், 48 நாள் என்று. “மேல இருக்கவன் கையிலதாம்மா” என்று டாக்டர் சொன்னபோது அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று எங்கள் வீட்டுப் படித்த பிள்ளை ஒருவன் கோபப்பட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்றுக்கு இத்தனை பேர் எழுவார்கள், அதில் உங்கள் பிள்ளை இருப்பானா என்று எனக்குத் தெரியாது என்பதைப் பெரியம்மாவிடம் வேறெப்படிச் சொல்வது?

பேசிக்கொண்டே இருங்கள் என்றும் அவர்தான் சொன்னார். அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானி, விபத்துக்குப் பின் உணர்வே இல்லை என்று முடிவு கட்டப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றார். நம்மைப் போன்றவர்கள் அப்படி நினைக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் அவளுக்கும் வேலை செய்தது. எல்லா நோயாளிக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் படுத்திருக்கிறவர் தலைமாட்டில் நின்று ஆஸ்பத்திரிச் செலவையும் நிலப் பங்கையும் பேசக்கூடாது என்பதற்கு இது போதும்.

சினிமாவில் கோயில் மணி அடித்ததும் கண்ணில் நீர் வழிய விழித்து “அம்மா” என்பார்கள். தம்பி அப்படி விழிக்கவில்லை. முதலில் கண் திறந்தது, பார்வை யார் மீதும் நிற்கவில்லை. பல நாள் கழித்து ஆள் போகும் பக்கம் கண் போயிற்று. அப்புறம் மூக்குக் குழாயைப் பிடுங்கினான். காஜ் துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டையை மூடிய பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை, ஜெபிக்க வந்திருந்த போதகரைப் பார்த்து உதிர்த்த ஒரு கெட்ட வார்த்தை. போதகர் திகைத்துவிட்டார். பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பேசிட்டான் ஐயா, உங்க வாய் முகூர்த்தம்” என்று அழுதாள். இதற்கும் மருத்துவத்தில் விளக்கம் இருக்கிறது. யோசித்துப் பேசும் பேச்சு போனாலும், வசவு, எண்ணுவது, பாட்டு, மனப்பாடமான ஸ்தோத்திரம் இவையெல்லாம் தப்பிவிடுவதுண்டு என்று நரம்பியல் மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் காலத்திலிருந்தே எழுதிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் என்று கேட்க முடியாமல் ‘செங்கல், செங்கல்’ என்றவன், பெரியம்மா மாரியம்மன் தாலாட்டை எடுத்துக் கொடுத்தால் கூடவே அடி பிசகாமல் பாடுவான். அவன் கேட்டே வளர்ந்த பாட்டு அது.

வீட்டுக்கு வந்த புதிதில் கூட்டம் தாங்கவில்லை. தண்ணீர்ப் படுக்கை யாரோ வாங்கித் தந்தார்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்; தெருப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வந்தார். எலும்பைத் திரும்ப வைத்தார்கள். பிடித்துக்கொண்டு நின்றான், பிடிக்காமல் நின்றான், நடந்தான். சமயபுரம் போய் மொட்டை போட்டார்கள். காதுக்கு மேலே ஆரம்பித்துக் கேள்விக்குறிபோல வளைந்து நெற்றியில் முடிகிற தழும்பு அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா கண் திறந்துவிட்டாள் என்றார்கள். கறிச்சோறு போட்டார்கள்.

அதோடு ஊர் கலைந்தது. நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். நேர்த்திக்கடன் தீர்ந்தது, ஆகவே காரியமும் முடிந்தது என்று நினைத்தார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வேண்டுதலுக்கு ஒரு முடிவு உண்டு, அதுதான் அதன் அழகு. மூளைக்காயத்துக்கு அப்படி முடிவு கிடையாது. முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறும், பிறகு மெதுவாகும், இரண்டு வருஷம் கடந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருக்கும். தாயுமானவர் கதையில் வெள்ளம் வடிந்தது, தாய் வந்தாள், சாமி மறைந்தார். வெள்ளமே வடியவில்லை என்றால் சாமி எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று கதை சொல்லவில்லை.

தம்பிக்கு அடிபட்டது நெற்றிப்புற மூளையில். நடக்கிறான், சாப்பிடுகிறான், பேசுகிறான். பார்க்கிறவர்களுக்கு “நல்லாத்தானே இருக்கான்”. ஆனால் குளி என்று சொன்னால்தான் குளிப்பான். சொல்லாவிட்டால் சாயந்திரம் வரை திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருப்பான். தட்டில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். மாமனார் செத்த வீட்டில், பாடையைப் பார்த்துக்கொண்டே டீ இருக்கிறதா என்று கேட்டான். ஊர் இதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறது: சோம்பேறித்தனம், திமிர், செய்வினை. மூளையில் முன்கை எடுக்கிற இடமும் அடக்கிக்கொள்கிற இடமும் நசுங்கியிருக்கின்றன என்பதை யாரும் அந்த வீட்டுக்கே சரியாகச் சொல்லவில்லை. அறுவையைப் படம் போட்டு விளக்கியவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் மனைவி ஒருநாள் என்னிடம், “தாலி நெலைச்சிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?” என்றாள். உயிரோடு இருக்கும் ஒருவரை இழப்பது பற்றி அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டு ஆராய்ந்து 1999இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். முடிவுபெறாத இழப்பு அது. அழவும் முடியாது, அழாமலும் முடியாது என்பது அவர் கண்டது. நம்மிடம் சாவுக்குச் சடங்கு இருக்கிறது, பதினாறாம் நாள் காரியம் வரை ஊரே கூட நிற்கும். பிழைத்ததற்கு மொட்டையும் விருந்தும் இருக்கின்றன. போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்திருப்பதற்கு நம் கையில் ஒன்றுமில்லை. நன்றி கெட்டவள் என்று பெயர் வாங்காமல் துக்கப்பட அந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை. அவள் கேட்கக்கூடிய ஒரே சாமியிடமும் கடனைத் தீர்த்தாயிற்று. இன்னொரு முறை எப்படிப் போய் நிற்பது?

நெற்றிப்புற மூளை என்றால் எல்லாப் பாடப் புத்தகத்திலும் ஃபினியஸ் கேஜ் வந்துவிடுவார். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடிவைத்தபோது மூன்றரை அடிக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து மண்டையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. பிழைத்தார், ஆனால் குணம் மாறிப் பழைய கேஜாக இல்லை என்று அவருடைய டாக்டர் ஹார்லோ எழுதினார். பாடம் அத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு கேஜ் சிலி நாட்டுக்குப் போய் ஏழு வருஷத்துக்கு அருகில் குதிரை வண்டி ஓட்டியதை யாரும் சொல்வதில்லை. குதிரைகளைப் பராமரித்து, பயணிகளை ஏற்றி, கரடுமுரடான பாதையில் பல குதிரை பூட்டிய வண்டியை ஓட்டுவது மூளையில்லாதவன் வேலை அல்ல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் அமைந்த வேலைதான் அவரை மீண்டும் மனிதர்களோடு இருக்கத்தக்கவராக ஆக்கியிருக்க வேண்டும் என்கிறார் அவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன். உறுதியாக நிரூபிக்க முடியாத கருத்துதான். நான் நம்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவர் கேஜ் யாரென்றே தெரியாமல் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

தம்பிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. கறுப்புச் சட்டைக் காலத்து ஆள். கூட்டம் வந்தபோது வரவில்லை, கூட்டம் போன பிறகு வர ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு வந்து, “கெளம்புடா” என்பார். கேட்பதில்லை, சொல்வார், அது முக்கியம் என்று இப்போது தெரிகிறது. முதலில் சாந்துக்கரண்டியைக் கையில் கொடுத்துத் தோட்டத்துக் குட்டிச்சுவரைப் பூசவைத்தார். பிறகு பழைய செங்கல் கொஞ்சம் போட்டு இரண்டடிச் சுவர் எழுப்பச் சொன்னார். மூன்றாம் வரியில் கோணிக்கொண்டு போயிற்று. மேஸ்திரி வாய் திறக்காமல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். தம்பி நூலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான், டீ ஆறிப்போகும் வரை. அப்புறம் தானாக, யாரும் சொல்லாமல், மேல் வரியைப் பெயர்த்தான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். சாயந்திரம் அதே சுவரைக் காலால் உதைத்துத் தள்ளியதும் அவன்தான். மேஸ்திரி மறுநாளும் எட்டு மணிக்கு வந்தார்.

இனி அவன் சாரத்தில் ஏறப்போவதில்லை. ஃபிட்ஸ் வரக்கூடியவன் உயரத்தில் நிற்கக்கூடாது. தரையில் நின்று கலவை பார்க்கிறான், செங்கல் நனைக்கிறான், அரைநாள் முடிந்ததும் தலை கனக்கிறது என்று வந்துவிடுகிறான். பாதிக் கூலி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போனால் கை கால் நன்றாயிருக்கிறதே என்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன; விபத்தில் வரும் மூளைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. நடை போனவனுக்கு ஒரு கட்டம் உண்டு, பேச்சு போனவனுக்கு ஒரு கட்டம் உண்டு. குணம் போனவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெரியம்மா இந்த வருஷமும் 28 நாளும் விரதம் இருந்தாள். எதற்கு வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். “வேண்டுதல் ஒண்ணுமில்லப்பா. அவ பட்டினி கெடக்கறா, கூட இருக்கேன்” என்றாள். மேஸ்திரியும் அப்போது அங்கேதான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் சாமி விஷயத்தில் ஒத்துவராது. ஆனால் இரண்டாம் வருஷத்தில் அந்த வீட்டுக்கு உதவியவர்கள் என்று கணக்கெடுத்தால் இவர்களும், பாட்டில் தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மாவும்தான் தேறுவார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐசியூ வாசலில் ஆள் நிறையவே இருக்கிறார்கள். நீங்கள் போகாவிட்டாலும் குறையாது. உங்கள் தெருவில், சொந்தத்தில், தலையில் அடிபட்டுத் தேறி ஒன்றரை வருஷமோ மூன்று வருஷமோ ஆன ஒருவர் வீடு இருக்கும். ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அங்கே போங்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். அவரோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள், தாயமோ ஆடுபுலியோ எதுவோ ஆடுங்கள். அவர் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அந்த வீட்டுப் பெண் எங்கே போக நினைக்கிறாளோ அங்கே போய்வரட்டும், கோயிலுக்கோ, அம்மா வீட்டுக்கோ, தூங்கவோ. அடுத்த வெள்ளிக்கிழமையும் போங்கள்.